துன்பத்தில் இறைநம்பிக்கை: மலையக வாழ்வை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

உலகிற் பிறந்த உயிர்கட்குத் துன்பம் பொதுவாகும். பிணியும் மூப்பும் சாக்காடும் அரசனையும் ஆண்டியையும் ஒருங்கே வந்தடைகின்றன. ஆயின், மனிதனுக்கு மனிதன் இழைக்கும் துன்பம் அத்தகையதன்று. அது வலியோரால் மெலியோர்மேற் சுமத்தப்படுவது. அதனைச் சுமப்போன் இரண்டு வினாக்களை எழுப்புகின்றான். 'எனக்கு இது நேர்ந்தது ஏன்?' என்பது ஒன்று. 'இதனைக் கண்டும் இறைவன் வாளாவிருப்பது ஏன்?' என்பது மற்றொன்று. சமயங்கள் யாவும் இவ்வினாக்களுக்கு விடைகாண முயன்றுள்ளன. சைவ சித்தாந்தம் வினைக்கொள்கையையும் திருவருட் கொள்கையையும் துணைக்கொண்டு விளக்கம் தரும். கிறித்தவமோ, அனைத்தும் இறைவனது ஆட்சிக்கு உட்பட்டன என்னும் கொள்கையை முன்வைக்கும். அக்கொள்கையின் பொருள் யாது, அது பிழைபட விளங்கப்படுவது எவ்வாறு, துன்புறுவோர்க்கு அது பற்றுக்கோடாவது எங்ஙனம் என்பனவற்றை, நம் நாட்டு மலையகத்தை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் ஆகிய ஊர்களின் வழியே செல்லும் பாதை பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கைச் சென்றடைகின்றது. தேயிலைச் செழிப்பினால் 'பொற்பள்ளத்தாக்கு' எனப் புகழப்பெறும் நிலம் அது. ஆண்டு அங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த தூய மரியாள் ஆலயம் ஒன்று உளது. அதன் முற்றத்தில் இருவர் துயில்கின்றனர். ஒருவர், புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்படும் யூலியா மார்கிரட் கமரன் அம்மையார். அவர் 1879ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மறைந்தார். மற்றவர் அவர்தம் கணவராகிய சார்ள்ஸ் ஹே கமரன். அடுத்த ஆண்டு அவரும் மறைந்து அவ்விடத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். இலங்கை வரலாறு கற்ற மாணவர்க்குக் கமரனின் பெயர் புதியதன்று. கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் இரண்டாம் உறுப்பினர் அவரே. இந்நாட்டு மக்கள் யாவரும் ஒரே நீதிமன்ற அமைப்பின்கீழ் அமைதற்கு வழிகோலிய 1833ஆம் ஆண்டின் நீதிச் சாசனம் அவர்தம் பரிந்துரைகளிலிருந்து பிறந்ததாகும்.

நீதியை வகுத்தவர் துயிலும் அக்கல்லறையைச் சூழ மலைச்சரிவெங்கும் தேயிலை விரிந்து கிடக்கின்றது. அத்தேயிலையை நட்டோருக்கோ கல்லறை இல்லை. அவர் பெயர் பொறித்த கல்லும் இல்லை. அம்மையார் இந்நாட்டில் எடுத்த படங்களிற் காணப்படும் எளிய மக்களுள்ளும் பெரும்பாலோரின் பெயர்கள் பதிவாகவில்லை. முகம் எஞ்சிற்று, பெயர் எஞ்சவில்லை. மலையக மக்களின் வரலாறு முழுவதற்கும் இஃதொரு குறியீடு எனலாம்.

அவர் வந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியமுறை 1832ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. எனினும், உள்நாட்டு உழவர் தம் நிலத்தை விட்டுக் கோப்பித் தோட்டங்களிற் கூலிக்கு உழைக்க விரும்பவில்லை. ஆதலின் தென்னிந்தியாவிலிருந்து வறியோர் அழைத்து வரப்பட்டனர். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் அவர்களை ஊரினின்றும் பெயர்த்தன. கங்காணியரின் ஆசைமொழிகள் அவர்களைக் கடல் கடத்தின. தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தோருட் பலர் பேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையாகி வழியிலேயே மாண்டனர். 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் பின்னர்க் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. பயிர் மாறிற்றேயன்றி உழைப்போர் நிலை மாறவில்லை. விடியுமுன் பெரட்டு, நாளெல்லாம் கொழுந்து, இரவில் லயத்து ஓர் அறை என்பதே வாழ்க்கையாயிற்று. துண்டுமுறை என்னும் கடன்தளை 1921ஆம் ஆண்டுவரை அவர்களைப் பிணித்திருந்தது.

இவற்றினும் கொடிது பின்னர் வந்தது. நாடு சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. தலைமுறை தலைமுறையாக இம்மண்ணில் உழைத்தோருட் பெரும்பாலோர் அதனால் நாடற்றோராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாக்கித்தானியக் குடியிருப்போர் சட்டத்தின்கீழ் ஏறக்குறைய 8 இலட்சம் பேர் குடியுரிமை வேண்டினர். அதனைப் பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரேயாவர். எண்களைக் கூறுதல் எளிது. ஒருவன் தான் பிறந்த மண்ணிலேயே 'நீ யார்?' என்று வினவப்பட்டு, விடையாகக் காட்டுதற்கு ஒரு தாளின்றி நிற்கும் நிலையை எண்ணிப் பார்த்தல் அரிது.

இத்தகைய மக்களை நோக்கி, 'அனைத்தும் இறைவன் கையில் உள்ளன, அவனை நம்புக' என்று கூறலாமா? கூறின் அது ஆறுதலா, ஏமாற்றா? நமது ஆராய்ச்சியின் உயிர்நிலை இவ்வினாவேயாகும்.

முதற்கண் கொள்கையைத் தெளிவுறுத்துவோம். தமிழ்க் கிறித்தவர் இதனைத் 'தேவசித்தம்' எனவும் 'தேவபராமரிப்பு' எனவும் வழங்குவர். அதன்கண் மூன்று கூறுகள் உள. இறைவனே யாவற்றிற்கும் மேலான ஆட்சியாளன், அரசரும் அதிகாரிகளும் அவன் ஆட்சிக்கு உட்பட்டோரே என்பது முதற்கூறு. தீமை மனிதரின் மனத்திற் பிறக்கின்றது, இறைவன் அதனைச் செய்வானும் அல்லன், விரும்புவானும் அல்லன் என்பது இரண்டாம் கூறு. மனிதர் செய்த தீமையையும் இறைவன் தன் நன்னோக்கத்திற்குப் பயன்படுமாறு திருப்ப வல்லன் என்பது மூன்றாம் கூறு. இம்மூன்றும் ஒருங்கு நின்றாலன்றிக் கொள்கை நிற்காது. இரண்டாவதை விட்டொழித்தால், கொடியோன் செய்த கொடுமையும் இறைவன் செயலாகிவிடும். மூன்றாவதை விட்டொழித்தால், துன்புறுவோன் கைவிடப்பட்டவனாவான். தலைவிதி என்று சோர்ந்து கிடத்தல் இக்கொள்கையன்று. விதி கண்ணற்றது. இறையாட்சியோ காண்பதும் கேட்பதும் கணக்குக் கேட்பதும் உடையது.

இக்கொள்கையை விவிலியம் சூத்திரமாகக் கூறாது, கதையாகக் கூறும். ஆதியாகமத்தின் இறுதியில் வரும் யோசேப்பின் வரலாறே அதற்கு முதற்சான்று. யாக்கோபின் மைந்தனாகிய யோசேப்பு பதினேழு வயதினனாயிருந்தபோது, அழுக்காறு கொண்ட தமையன்மார் அவனை இருபது வெள்ளிக்காசுக்கு வணிகரிடம் விற்றனர். எகிப்தில் அவன் அடிமையானான். தலைவனின் மனைவி அவன்மேற் பொய்ப்பழி சுமத்தியதால் சிறையுற்றான். தன்னால் நன்மை பெற்ற அரண்மனைப் பணியாளனும் அவனை மறந்தான். பின்னர், அரசன் கண்ட கனவின் பொருளை உரைத்துச் சிறைமீண்டு, நாட்டின் அமைச்சனாகி, ஏழாண்டுப் பஞ்சத்தினின்று மக்களைக் காத்தான். தானியம் வேண்டி வந்தோருள் அவனை விற்ற தமையன்மாரும் இருந்தனர். தந்தை இறந்தபின், அவன் பழிவாங்குவான் என அஞ்சி அவர்கள் அவன் காலில் விழுந்தபோது, யோசேப்பு அழுதான். அவர்கள் தனக்குத் தீங்கையே கருதினர் என்றும், இறைவனோ பலர் உயிர் பிழைத்தற்பொருட்டு அதனை நன்மையாக மாற்றினன் என்றும் அவன் கூறினான்.

இக்கூற்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். 'நீங்கள் செய்தது தீங்கன்று' என யோசேப்பு கூறவில்லை. தீங்கைத் தீங்கென்றே பெயரிட்டான். அங்ஙனம் பெயரிட்ட பின்னரே இறைவனது நன்னோக்கத்தைப் பற்றிப் பேசினான். சிறையிலிருந்தபோதும் அவன் வாய்மூடி இருந்தானல்லன். தான் களவாகக் கொண்டுவரப்பட்டவன் என்றும், சிறையிடத்தக்க குற்றம் யாதும் செய்திலன் என்றும் கூறி, அரசனிடம் தன் வழக்கை எடுத்துரைக்குமாறு பணியாளனை வேண்டினான். இறைவனை நம்புதலும் நீதி வேண்டுதலும் அவனிடத்தில் முரண்படவில்லை.

மற்றொன்றும் ஈண்டு நோக்கற்பாலது. அவ்வுரையைக் கூறியவன் யார்? துன்புற்ற யோசேப்பு. கேட்டவர் யார்? துன்புறுத்திய தமையன்மார். இதனைத் தலைகீழாக்கிப் பார்ப்போம். குழியிற் கிடந்த தம்பியை நோக்கி, 'இறைவன் இதனை நன்மையாக மாற்றுவான், பொறுத்துக்கொள்' எனத் தமையன்மார் கூறியிருந்தால் அஃது என்னாகும்? சொல் அதுவே. ஆயினும் அது நம்பிக்கை மொழியாகாது, இறைநிந்தனையாகும். எனவே, இறையாட்சி பற்றிய ஆறுதல் துன்புறுவோனின் வாயிற் பிறக்கவேண்டிய சொல்லாகும். துன்புறுத்துவோன் அதனைத் தன் வாயில் எடுத்துக்கொள்ளும் உரிமை உடையவன் அல்லன். இக்கட்டுரை வலியுறுத்த விழையும் கருத்து இதுவே.

யோபுவின் நூலும் இக்கருத்திற்கு அரணாகின்றது. நம்மவர்க்கு அரிச்சந்திரன் கதை எத்தகையதோ, விவிலியத்தார்க்கு யோபுவின் கதை அத்தகையது. இருவரும் நல்லோர், செல்வமும் மக்களும் இழந்தோர், சோதிக்கப்பட்டோர். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. அரிச்சந்திரன் தன் வாய்மை பிறழாமைப் பொருட்டு அனைத்தையும் தாங்கினான். யோபுவோ இறைவனை நம்பியவாறே இறைவனோடு வழக்காடினான். தான் பிறந்த நாளை வெறுத்துப் பேசினான். தன் குற்றம் யாதெனக் காட்டுமாறு வினவினான். அவனைத் தேற்ற வந்த நண்பர் மூவரும், அவன் செய்த பாவத்தின் பயனே அத்துன்பம் என்று நெடிது விளக்கினர். இறுதியில் இறைவன் தோன்றியபோது சினந்தது யார்மீது? வழக்காடிய யோபுவின்மீதன்று, இறைவனுக்காகப் பரிந்து பேசிய நண்பர்மீதே. யோபு பேசியவாறு அவர்கள் சரியாகப் பேசவில்லை என்பதே தீர்ப்பாயிற்று. பிறன் துன்பத்திற்கு நாம் எளிதிற் காரணம் கற்பிக்கலாகாது என்பது இதனாற் பெறப்படும். தோட்டத் தொழிலாளரை நோக்கி 'முற்பிறப்பிற் செய்த வினை' என்று கூறி அகலும் சைவரும், 'தேவசித்தம்' என்று கூறி அகலும் கிறித்தவரும் அந்நண்பர் மூவரின் வழித்தோன்றல்களே.

இனி, மலையகத்திற் கிறித்தவம் வந்த வகையை இவ்வளவைகொண்டு நோக்குவோம். 1854ஆம் ஆண்டில் 'தமிழ்க் கூலி மிசன்' என்னும் அமைப்புத் தோன்றியது. சேர்ச்சு மிசனரிச் சங்கத்தாரும் தோட்டத்துரைமார் சிலரும் அதனை நடத்தினர். திருநெல்வேலியிலிருந்து உபதேசியார் வரவழைக்கப்பட்டு, தோட்டந்தோறும் நடந்து சென்று போதித்தனர். அவர்தம் உழைப்பைக் குறைத்து மதித்தல் முறையன்று. எழுத்தறிவு கிட்டாத பிள்ளைகட்கு அவர்கள் எழுத்தறிவித்தனர். கூலியாளுக்கும் துரைக்கும் இறைவன் ஒருவனே, இருவர் ஆன்மாவும் ஒரே மதிப்புடையன என்று லயத்து வாயிலில் நின்று கூறியதும் சிறு செயலன்று. எனினும், பணிக்கு வேண்டிய பணத்திற் பெரும்பகுதி துரைமாரிடமிருந்து வந்தமையால் ஓர் இடர்ப்பாடு உண்டாயிற்று. மிசனின் பெயரிலேயே 'கூலி' என்னும் சொல் நின்றது. மனிதரை அவர்தம் ஊதியத்தாற் பெயரிட்டழைத்த காலம் அது.

வேதாகமத்தில், கடின உள்ளம் படைத்த எசமானருக்கும் அடிமைகள் பணிந்திருக்கவேண்டும் என்னும் பகுதி பேதுருவின் முதல் நிருபத்தில் உளது. கூலி கொடாது நிறுத்தப்பட்ட அறுவடைத் தொழிலாளரின் கூக்குரல் இறைவன் செவிக்கு எட்டிவிட்டது எனச் செல்வரை எச்சரிக்கும் பகுதி யாக்கோபுவின் நிருபத்தில் உளது. துரைமார் தந்த பொருளால் இயன்ற சபைகளில் முன்னையது எத்துணை முறை வாசிக்கப்பட்டிருக்கும், பின்னையது எத்துணை முறை வாசிக்கப்பட்டிருக்கும் என்பது சிந்தித்தற்குரியது. பேதுருவின் நிருபத்தையுமே முழுதுற வாசித்தல் வேண்டும். வைதோரைத் திரும்ப வையாத கிறித்துவை அது எடுத்துக்காட்டும். அவர் தம் வழக்கை நீதியுடன் தீர்ப்பளிப்பவனிடம் ஒப்படைத்தார் என்பது அதன் காரணமாகக் கூறப்படும். வழக்கை ஒப்படைத்தல் வேறு, வழக்கே இல்லையென்று கைவிடுதல் வேறு. பொறுமையுடையோன் நீதிபதி ஒருவன் உளன் என்று அறிந்தே பொறுக்கின்றான்.

இவ்வேறுபாட்டை வாழ்ந்து காட்டியவர் பவுலடிகள். நாடற்ற மக்களைப் பற்றி எண்ணும்போது அவர் வரலாறு தனிச்சிறப்புப் பெறுகின்றது. இறைவனிடத்து அன்புடையோர்க்கு யாவும் நன்மைக்கே கூடிவரும் என்று உரோமருக்கு எழுதியவர் அவரே. அத்தகையவர் பிலிப்பி நகரில் விசாரணையின்றி அடிபட்டுச் சிறையிலிடப்பட்டார். நள்ளிரவில் அவரும் தோழர் சீலாவும் துதிபாடினர். பொழுது விடிந்ததும், அவர்களை ஓசைப்படாது விடுவித்து அனுப்புமாறு அதிகாரிகள் ஆளனுப்பினர். பவுலோ வெளியேற மறுத்தார். உரோமக் குடிமக்களாகிய தம்மைத் தீர்ப்பின்றிப் பலர் அறிய அடித்தவர்கள், இப்பொழுது மறைவாக வெளியேற்றுவதோ என்று வினவி, அவர்களே நேரில் வந்து அழைத்துச் செல்லவேண்டும் என்றார். அவர்கள் வந்து வேண்டிக்கொண்டனர். எருசலேமிற் சவுக்கடிக்குக் கட்டப்பட்டபோதும் அவர் தம் பிறப்புவழிக் குடியுரிமையை எடுத்துக்கூறினார். செசரேயாவில் ஆளுநன்முன் நின்று, பேரரசனிடம் மேல்முறையீடு செய்தார். இரவிற் பாடிய அதே வாய்தான் காலையில் உரிமை கேட்டது. இறைவன் ஆள்கின்றான் என்னும் துணிவே அவ்விரண்டிற்கும் ஊற்றாயிருந்தது.

பவுலுக்குக் கேட்பதற்கோர் உரிமை இருந்தது. மலையக மக்களுக்கு 1948இன் பின்னர் அதுவும் இல்லாதொழிந்தது. அந்நிலைக்கு விவிலியத்தில் ஒப்புமை உண்டோ எனின், உண்டு. அது யோசேப்பின் கதையினது தொடர்ச்சியேயாகும். பஞ்சம் பிழைக்க எகிப்து வந்த யோசேப்பின் குடும்பத்தார் அந்நாட்டிற் பெருகினர். காலம் சென்றது. யோசேப்பை அறியாத அரசன் ஒருவன் அரியணை ஏறினான். தன் நாட்டைப் பஞ்சத்தினின்று காத்தவனின் வழித்தோன்றல்களை அவன் அந்நியராகக் கண்டான். அவர்தம் தொகை பெருகியதைக் கண்டு அஞ்சினான். சுமைவேலையால் ஒடுக்கினான். காடழித்துத் தோட்டமாக்கி, பாதையும் புகையிரதப் பாதையும் அமைத்து, நாட்டின் கருவூலத்தை நிரப்பிய மக்களின் பேரர், அந்நாடு விடுதலை பெற்ற நாளில் வேற்றாராகக் கணிக்கப்பட்டமை இதனையன்றோ ஒத்திருக்கின்றது? விடுதலைப் பயணம் என்னும் நூல் கூறும் மறுமொழி யாது? 'பொறுத்திருங்கள்' என்பதன்று. மக்களின் முறையீட்டை இறைவன் கேட்டான், கண்டான், இறங்கி வந்தான், மோசேயை அரசனிடம் அனுப்பினான் என்பதே. இறையாட்சி ஈண்டு அரசவையில் வந்து வாதாடும் தூதாக வெளிப்படுகின்றது.

மலையகத்தில் அத்தூதை முதலில் ஏந்தினோர் பெரும்பாலும் திருச்சபைக்கு வெளியே இருந்தனர் என்பதை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். கோ. நடேசய்யர் 1931ஆம் ஆண்டில் அட்டனைக் களமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தார். அவர் மனைவியார் மீனாட்சியம்மையார் பாட்டுக்களால் மக்களைத் தட்டி எழுப்பினார். இவர் கிறித்தவரல்லர். அதனால் இறைவன் அவர்வழிச் செயற்படவில்லை என்பது கிறித்தவக் கொள்கையும் அன்று. பாரசீக மன்னன் கோரேசையும் தன் கருவியாகக் கொண்டவன் விவிலியத்தின் இறைவன். திருச்சபையினுள்ளும் பிற்காலத்தில் விழிப்பு உண்டாயிற்று. இயேசு சபைத் துறவியாகிய போல் காஸ்பர்ஸ் அடிகளார் 1972ஆம் ஆண்டிற் கண்டியிற் சத்தியோதயம் என்னும் நிலையத்தை நிறுவி, தோட்ட மக்களின் உரிமைக்காகப் பல்லாண்டு உழைத்தார். கண்டி ஆயராக இருந்த லியோ நாணாயக்கார அடிகள், அதே ஆண்டிற் புதிதாக அமைந்த பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயராகச் சென்று, எளியோரோடு வாழும் திருச்சபையை அமைக்க முயன்றார். 'பொறுத்துக்கொள்' என்று எட்டி நின்று கூறாது, துன்புறுவோர் பக்கலிற் சென்று நின்றமையே இவர்தம் சிறப்பு.

துன்புறுவோரே இந்நம்பிக்கையைத் தம் வாயாற் கூறியதற்குத் தமிழ்நிலத்தில் எடுத்துக்காட்டு உண்டோ எனின், தேவசகாயம்பிள்ளையின் வரலாறு முன்வரும். நீலகண்டபிள்ளை என்னும் இயற்பெயருடைய அவர், திருவிதாங்கூர் அரண்மனைப் பணியிலிருந்தவர். கால்நடையும் பொருளும் இழந்து அவர் மனம் நைந்திருந்த காலத்தில், குளச்சற் போரிற் சிறைப்பட்டுப் பின் அரசனது படையில் உயர்ந்த டி லனோய், யோபுவின் கதையை அவருக்குக் கூறினார் என்பர். 1745ஆம் ஆண்டில் வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றார். 1749ஆம் ஆண்டிற் சிறைப்பட்டார். அடியும் அவமதிப்பும் உற்று, எருமைமேல் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்டார் என வரலாறு கூறும். 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிசு அவரைப் புனிதராக உயர்த்தினார். இழப்பின்போது கேட்ட யோபுவின் கதை, இறப்பின்போது அவரைத் தாங்கிற்று.

சைவ மாணவர்க்கு இஃது அந்நியமான செய்தியன்று. நீற்றறையிலிடப்பட்டும், நஞ்சூட்டப்பட்டும், கல்லொடு பிணித்துக் கடலில் எறியப்பட்டும் அரசனுக்கு அஞ்சாத திருநாவுக்கரசரை அவர்கள் அறிவர். இறைவனுக்கே ஆட்பட்டவன் பிறர்க்கு அடிமையாகான் என்னும் உண்மையை அவர் வாழ்வு உணர்த்தும். இறைவன் ஒருவனே முழுமுதல் ஆட்சியாளன் என்று நம்புவோன், மண்ணை ஆளும் எவனையும் முழுமுதலாகக் கொள்ளான். எனவே, உண்மையான இறைநம்பிக்கை அடிமைப் புத்தியை வளர்ப்பதன்று, அதனை வேரறுப்பது. சமய எல்லைகளைக் கடந்து நிற்கும் பொதுவுண்மை இது.

எனினும், ஒரு தடை எஞ்சி நிற்கின்றது. யோசேப்பு அமைச்சனானான், சரி. காட்டு வழியில் மாண்டோர்க்கு என்ன நன்மை விளைந்தது? 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா – சாத்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் அது பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என ஒதுக்கிற்று. அம்மக்களை எவரும் கேட்டிலர். தலைமன்னார் நோக்கிச் சென்ற புகையிரதத்தை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். அண்ணன் அக்கரைக்கும் தம்பி இக்கரைக்குமாகப் பிரிந்த குடும்பங்களுக்கு எந்நன்மை கூடிவந்தது? 1977இலும் 1983இலும் வன்செயலில் வீடிழந்து வடக்கு நோக்கி ஓடியோர்க்கு எந்நன்மை?

இத்தடைக்கு நேரிய விடை ஒன்றே. அறியோம் என்பதே அது. யோபுவுக்கும் இறைவன் காரணம் கூறினானல்லன். தன்னைக் காட்டினான், அவ்வளவே. கிறித்தவ நம்பிக்கை இவ்விடத்தில் விளக்கத்தை விட்டுக் கெத்செமனேத் தோட்டத்திற்குச் செல்கின்றது. தம்மை நெருங்கிய துன்பப் பாத்திரம் நீங்குமாறு இயேசு மன்றாடினார். பின்னர், தம் விருப்பமன்று, தந்தையின் விருப்பமே ஆகுக என ஒப்படைத்தார். மன்றாட்டு முன்னது, ஒப்படைப்புப் பின்னது. மன்றாட்டைத் தடுத்து ஒப்படைப்பை மட்டும் வேண்டுதல் அவ்வழியன்று. அவரும் நீதியற்ற தீர்ப்பினால் நகர்க்குப் புறத்தே கொலையுண்டார். துன்புறுவோரின் வரிசையில் இறைவனே நின்றான் என்பதும், சாவு கடைசிச் சொல்லன்று என்பதும் கிறித்தவர் கூறக்கூடிய விடை. அது விளக்கமன்று, நம்பிக்கை. நம்பிக்கையை விளக்கமெனக் கூறி விற்றல் நேர்மையன்று.

கண்முன் விளைந்தவற்றையும் கூறாதொழிதல் முறையன்று. பெயரற்றோராயிருந்த மக்கள் தம் பெயரைத் தாமே எழுதக் கற்றனர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை பெற வழிதிறந்தது. 55 ஆண்டுகள் கழிந்தே அது நிகழ்ந்தது. மலையக வாழ்வின் இருநூறாம் ஆண்டாகிய 2023இல், முன்னோர் நடந்த வழியைப் பின்பற்றி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் நடந்தனர். வழியிற் புதையுண்டோரைப் பெயரறியாமலே நினைவுகூர்ந்தனர். நிலமும் வீடும் போதிய ஊதியமும் இன்னும் முழுதாகக் கிட்டவில்லை. ஆயின், கேட்போர் வாய் மூடவுமில்லை.

ஆராய்ச்சியின் முடிபைத் தொகுத்துரைப்போம். இறைவனது ஆட்சியை நம்புதல் தீமையை நன்மையெனக் கூறுதலன்று. தீயோனுக்குக் கடைசிச் சொல்லை விட்டுக்கொடாமையே அது. அந்நம்பிக்கை துன்புறுவோன் வாயில் வலிமை, துன்புறுத்துவோன் வாயிற் பொய். அருகில் நிற்போராகிய நம் போன்றோர்க்கு விதிக்கப்பட்டது யாதெனின், யோபுவின் நண்பரைப் போலப் பேசாதிருத்தலும், மோசேயைப் போலச் சென்று பேசுதலுமாகும்.

கல்விச்சாலைகளிற் பயின்று ஆசிரியராகவும் அதிகாரிகளாகவும் செல்லவிருக்கும் மாணவர் ஒருமுறை பொகவந்தலாவைக்குச் செல்வாராக. நீதிச் சாசனத்துக்கு வித்திட்டவரின் கல்லறையைக் காண்பாராக. பின்னர்த் திரும்பி, எதிரேயுள்ள தேயிலைச் சரிவை நோக்குவாராக. அங்கே துயில்வோரின் பெயர்களை மனிதர் எழுதி வைத்தாரல்லர். இறைவன் மறந்திலன் என்பது கிறித்தவரின் நம்பிக்கை. நாமும் மறவாதிருத்தல், எச்சமயத்தவராயினும், நம் அனைவரின் கடன்.